கரண்ட் போன நேரத்துப் பாடம்

இங்கிலீஷில் நடந்த நேர்காணலில் இஸ் வருமா வாஸ் வருமா என்று இன்றும் திணறிவிட்டு வெளியே வந்தேன். லிப்ட்டுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதே வாசனைதான் அம்மையார்குப்பத்தில் எங்கள் விசைத்தறிக் கொட்டகையிலும். தறிகள் ஓடினால் காதோடு சொன்னாலும் கேட்காது என்பதால், கரண்ட் போகும்போதுதான் அக்கா நூல் மூட்டைமேல் உட்கார்ந்து, இஸ், வாஸ், ஹேஸ், ஹேட் எல்லாம் எங்கெங்கே வரும் என்று எனக்குச் சொல்லித் தருவாள். பிடிபடும் நேரத்தில் வெளிச்சம் வந்துவிடும். "போதும், எய்ந்து வாங்க, கரண்ட்டு வந்துடுச்சி!" என்று நைனா சந்தோஷமாகக் கத்துவார்.

திருத்தணி மலைக்குப் போனபோதெல்லாம், கரண்ட் வரவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

தறிகளைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு நைனா வாட்ச்மேன் வேலைக்குப் போய்விட்டார். கொட்டகையில் இப்போது கரண்ட்டே இல்லை. என் வேண்டுதல்களில் முருகன் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.