கேட்கத் தெரியாத கிளெனிஸ்

கிளெனிஸ் அக்காவைப் பற்றிப் பேச்சு வந்தால் ஊரில் எல்லோரும் 'பாவம்' என்கிறார்கள். நான் அந்தச் சொல்லைச் சொல்வதில்லை. எனக்கு அந்த யோக்கியதை கிடையாது. அவர் சேர்த்து வைத்திருந்த அறுநூறு டாலரை வாங்கிக்கொண்டு போனவள் நான்தான்.

ஆஸ்திரேலியாவில் பல்லரட் என்ற ஊரில், மரச்சாமான் கடை ஒன்றில் இருபத்தாறு வருடம் கணக்கு எழுதியவர் அவர். ஐம்பத்தெட்டாவது வயதில், இரண்டு வருடத் தொண்டுக்காகக் கடல் தாண்டி எங்கள் தவெயுனித் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். நூலகத்தையும் ஆபீஸையும் ஒழுங்குபண்ணுவது வேலை. நான் அந்த ஆபீஸில் குமாஸ்தா. பெயர் வாசெமாதா, அவருக்கு நான் வாசே.

தொண்டுக்குச் சம்பளம் இல்லை. அனுப்பிய அமைப்பு மாதாமாதம் பதினைந்தாம் தேதி வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் ஒரு தொகை போடும். அன்றைக்கே அதை எடுத்துவந்து பழுப்புக் கவர்களில் பிரித்துப் போட்டுவிடுவார். வாடகை, மளிகை, போன், பஸ், கடைசியாக 'வீட்டுக்கு' என்று ஒன்று. எல்லாவற்றின் மேலும் பென்சிலால் எழுதியிருக்கும். பஸ் கவர் காலியானால் மழையில் நனைந்துகொண்டு நடந்தே வருவார்; மளிகைக் கவரில் இருப்பதைத் தொடவே மாட்டார்.

"என்னக்கா, பஸ் கவர் செத்துப்போச்சா?" என்று என் வீட்டுக்காரர் எரோனி வம்புக்கு இழுப்பார். "மளிகைக் கவர்கிட்ட ஒரு கெரேகெரே கேட்டுப் பாருங்களேன்."

கெரேகெரே என்றால் எங்களுக்குக் கடனும் இல்லை, பிச்சையும் இல்லை. இல்லாதவர் கேட்பார், இருப்பவர் கொடுப்பார். கொடுத்தவர் நாளைக்குப் போய்க் கேட்பார். யாரும் எழுதி வைப்பதில்லை. கேட்காமல் இருப்பவருக்கு ஒன்றும் தேவையில்லை என்று அர்த்தம்.

அவரை அனுப்பியவர்கள் புறப்படும் முன்பே எச்சரித்திருந்தார்கள், கெரேகெரே கேட்டால் மறுத்துவிடுங்கள் என்று. அவரும் ஆரம்பத்தில் முகம் சிவந்து மறுத்தார். ஊர் கோபித்துக்கொள்ளவில்லை, அவர் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டது, அவ்வளவுதான். நாலு மாதம் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்தார், அப்புறம் பஸ் காசு கொடுத்தார். மேடம் அக்காவானார். அதன் பிறகு அவர் தனியாகச் சாப்பிட்டதை நான் பார்த்ததே இல்லை.

ஜூன் மாதம் எரோனியின் படகு எஞ்சின் போய்விட்டது. புதிதாக வாங்க அறுநூறு டாலர் துண்டு விழுந்தது. நேராக அவரிடம் போனேன்.

"அக்கா, கெரேகெரே."

அவர் 'வீட்டுக்கு' கவரை எடுத்தார். வீட்டுச் செலவுக்கு வைத்தது, திரைச்சீலை கிரைச்சீலை வாங்குவார் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

"இது எனக்கு வேண்டிவரும், வாசே. எப்போன்னுதான் தெரியாது."

"வேணுங்கறப்ப சொல்லுங்கக்கா."

நான் அதைச் சத்தியமாகத்தான் சொன்னேன். அவர் காதில் அது வெறும் மரியாதைப் பேச்சாக விழுந்திருக்கிறது. அவர்கள் ஊரில் அப்படிச் சொன்னால் யாரும் போய்க் கேட்கமாட்டார்களாம். இது எனக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் நாலாம் தேதி அவர் அண்ணன் டெஸ்மண்டுக்குப் பக்கவாதம் வந்தது. அப்பா அம்மா போன பிறகு அவரை வளர்த்தது அந்த அண்ணன்தான். பெற்றோர், கணவன், பிள்ளை என்றால் மட்டும்தான் இடையில் டிக்கெட், அண்ணன் அந்தப் பட்டியலில் இல்லை என்று அமைப்பு சொல்லிவிட்டது. ஊரில் உள்ள சேமிப்பை அறுபது வயதுவரை தொட முடியாது. கிரெடிட் கார்டு ஆபத்து என்று வரும்போதே ரத்து செய்துவிட்டு வந்தவர். கையில் இருந்தது இருநூற்றுச் சொச்சம்.

இதெல்லாம், 'வீட்டுக்கு' கவர் ஊருக்குப் போகும் டிக்கெட்டுக்கு என்பது உட்பட, எங்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அப்போது, போன் வந்தால் வராந்தாவுக்கு எடுத்துக்கொண்டு ஓடுகிறார் என்பதைத்தான் பார்த்தேன்.

"என்னக்கா, முகமே சரியில்ல?"

"அண்ணனுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்ல."

"அப்ப ஊருக்குப் போறீங்களா?"

"பதினஞ்சுக்கு மேல."

தேதியே வைத்துவிட்டார், வசதி இருக்கிறது என்று நினைத்தேன். ஊரிலும் அப்படியே சொன்னேன். தேவை என்றால் கேட்பார்தானே? அவர் புத்தகங்களுக்கு எண் ஒட்டிக்கொண்டிருந்தார். நான் எதிரில் உட்கார்ந்து டீ குடித்தேன். எட்டு நாள்.

பன்னிரண்டாம் தேதி காலை ஆபீஸுக்கு வந்து பையைக்கூட இறக்காமல் நின்றார்.

"அண்ணன் போயிட்டாரு, வாசே. கடைசிவரைக்கும் நான் எப்ப வருவேன்னு கேட்டுட்டே இருந்தாராம்."

"அய்யோ, ஏன்க்கா போகாம இருந்தீங்க?"

"டிக்கெட்டுக்குக் காசில்ல. பதினஞ்சாம் தேதி வந்துரும்னு பார்த்தேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"உன்கிட்ட ஏது? இருந்தா என்கிட்ட வாங்கியிருப்பியா?"

என் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து வீடு வீடாக ஏறினேன். யாரும் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. எரோனி அன்றைய மீன் காசை அப்படியே கொடுத்தார். கோயில் பெண்கள் கூரைக்குச் சேர்த்து வைத்திருந்த டப்பாவைத் திறந்தார்கள். பிற்பகல் மூன்று மணிக்கு ஆயிரத்து எழுநூற்று நாற்பது டாலர் சேர்ந்துவிட்டது. துக்கத்துக்குக் கொண்டுபோகும் பாயையும் சுருட்டிக்கொண்டு எட்டுப் பேர் அவர் வீட்டுக்குப் போனோம்.

பாயை விரித்துப் பணத்தை அதன்மேல் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அவரைப் பார்க்கணும்னுதான் இருந்தேன். புதைக்கறதைப் பார்க்கணும்னு இல்ல," என்றார். பிறகு, "இவ்வளவும் சேர்க்க எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

அரை நாள்தான், கேட்டிருந்தால் அன்றைக்கே போயிருக்கலாம் என்று சொல்ல மனசு வரவில்லை. "ஒரு வாரமாச்சுக்கா," என்றேன். கூட வந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

"காலைலதானே உன்கிட்ட சொன்னேன், வாசே," என்றார்.