சமதரையில் நின்ற டிராக்டர்

அன்னைக்கு டிராக்டரைத் தள்ளினவங்க நைனா, நான், பக்கத்து வீட்டு காதர் மாமா, அக்காவைப் பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை, அவரோட அண்ணன்.

இன்னைக்கு என் மெக்கானிக் ஷெட்டுல ஒரு பழைய டிராக்டருக்குச் சிவப்புப் பெயிண்டு அடிக்கும்போது, அந்த வாசனையில எல்லாம் திரும்ப வந்துடுச்சு.

நைனா பழைய டிராக்டர் ஒண்ணை வாங்கி அவரே சரி பண்ணார். செல்ஃப் ஸ்டார்ட்டர் மட்டும் எடுக்காது. அதனால எங்க ஊர்க் கோட்டைப் பக்கத்துச் சரிவுலதான் நிறுத்துவார். உருட்டிவிட்டா ஸ்டார்ட் ஆயிடும். அன்னைக்கு மட்டும் மாப்பிள்ளை வீட்டார் கண்ணுல படட்டும்னு, புதுப் பெயிண்டோட வாசல்லயே சமதரையில நிறுத்திட்டார். கிளம்பும்போது அவங்க காரைத் திருப்ப வழியில்லை, டிராக்டரைத் தள்ளித்தான் நகர்த்த வேண்டியிருந்துச்சு.

“இன்னா மாமா, பொண்ணு பார்க்கக் கூப்டீங்களா, வண்டி தள்ளக் கூப்டீங்களா?”ன்னு நைனாவைக் கேட்டார் மாப்பிள்ளையோட அண்ணன். எல்லாரும் சிரிச்சாங்க. நைனாவும் சிரிச்சார். மாப்பிள்ளையோட வெள்ளைச் சட்டையில சிவப்பு ஒட்டிக்கிச்சு. சொல்லி அனுப்புறோம்னு போனவங்க, சொல்லி அனுப்பவே இல்லை.

அன்னைக்குச் சாப்பிடும்போது நைனா தலையைத் தூக்கலை. “கொழம்பு ஊத்தட்டுமா நைனா?”ன்னு அக்காதான் கேட்டுக்கிட்டே இருந்தா.

பிரஷ்ஷை வச்சுட்டு மறுபடியும் செல்ஃபைப் போட்டுப் பார்த்தேன்.

“அதான் எடுக்குதேண்ணே, இன்னும் எத்தினி தடவை பார்ப்பீங்க?”ன்னு சிரிச்சார், வண்டிக்குச் சொந்தக்காரர்.

அவர் வீட்டுக்கும் யாராவது பொண்ணு பார்க்க வர்ற அன்னைக்கு இது வாசல்ல நின்னுடக் கூடாதேன்னு, உங்க வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு இருக்குதான்னு கேட்க நினைச்சேன். வெக்கமா இருந்துச்சு, கேட்கலை.