சம்பந்தி தந்த ஈஸ்ட்

கம்பி மூடியைத் தள்ளியதும் போத்தல் வழக்கமான சத்தத்துடன் திறந்தது. நுரையும் சரியாகவே எழும்பியது. அதற்குப் பின்னால் வந்த மணத்தில்தான் மூவரும் பேச்சை நிறுத்தினோம். மோரை மூடாமல் அடுப்படியில் வைத்துவிட்டு மறந்துபோனால் அடுத்த நாள் ஒரு மணம் வருமே, அது. அண்ணை தன் கிளாஸை மேசையில் வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது மூண்டாவது," என்றார் அண்ணை.

ஜெர்மனியின் கொலோன் நகரில், அண்ணை வீட்டு நிலவறையில் மாதம் ஒருமுறை நாங்கள் மூவரும் கூடுவோம். மூவருக்கும் பியர் காய்ச்சுவது பொழுதுபோக்கு. அவரவர் காய்ச்சியதைக் கொண்டுவந்து, ஊற்றி, குறை சொல்லி, குடித்துவிட்டுக் கலைவோம். அண்ணை ட்ராம் ஓட்டுபவர். எனக்கு உறவில்லை, யாழ்ப்பாணத்திலிருந்து எனக்கு முன்னால் வந்தவர் என்பதால் அண்ணை. நான் ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் களிம்பு கலக்குகிறேன். தம்பி தமிழ்நாட்டுக்காரர். வால்டோர்ஃபில் மென்பொருள் வேலைக்கு வந்து, பிறகு இங்கே வீடு எடுத்து, அதே வேலையை வீட்டிலிருந்தே செய்பவர்.

மூன்று பியர் புளித்தால் ஊற்றிவிட்டுக் கடையில் புது ஈஸ்ட் வாங்கிக் காய்ச்சலாம். யாரும் அதைத்தான் செய்வார்கள். எங்களால் முடியாமல் போனதற்குக் காரணம், அந்த ஈஸ்ட் சம்பந்தி தந்தது.

அண்ணையின் மகளுக்கு ஒரு ஜெர்மன் பையனோடு நிச்சயமாகியிருந்தது. பையனின் அப்பா பவேரியாவில் ஒரு கிராமத்துக்காரர். கோதுமை பியர் காய்ச்சுவதில் வயதை எல்லாம் போக்கியவர். நிச்சயத்தன்று அவர் துவாயில் சுற்றிய ஒரு கண்ணாடிச் சாடியைக் கொண்டுவந்து அண்ணையின் கையில் கொடுத்தார். உள்ளே பால்நிறச் சேறு. தன் வீட்டு ஈஸ்ட் என்றும், கலியாணத்தன்று அதில் அண்ணை காய்ச்சிய பியரைத்தான் குடிப்பேன் என்றும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அண்ணையும் எல்லோருக்கும் கேட்கும்படி சம்மதித்தார். வேலையிடத்திலும் சொல்லிவிட்டார். அந்த ஈஸ்ட் தருகிற வாழைப்பழ வாசனையை அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிப்பார் என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை.

ஈஸ்டும் உறைமோர் மாதிரித்தான். பியர் நொதித்து முடிந்ததும் தொட்டியின் அடியில் படிவதை எடுத்துச் சாடியில் வைத்து, அடுத்த முறைக்குப் பயன்படுத்தலாம். சும்மா கிடந்தால் சோர்ந்துவிடும். அதனால் கலியாணம் வரும்வரை மூவரும் முறைவைத்துக் காய்ச்சி அதை உயிரோடு வைத்திருப்பது என்று முடிவு. காய்ச்சியவர் சாடியைக் கொண்டுவந்து அண்ணை வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில் வைப்பார். அடுத்தவர் அங்கிருந்து எடுத்துப்போவார்.

அண்ணை காய்ச்சிய முதலாவது பியர் மிக நன்றாக வந்தது. அடுத்து தம்பி காய்ச்சியது நாக்கின் ஓரத்தில் இலேசாகப் புளித்தது. பிறகு நான் காய்ச்சியதில் புளிப்பு கூடியிருந்தது. இப்போது திறந்தது மறுபடியும் அண்ணையுடையது. அதை வாயில் வைக்க முடியவில்லை.

"நான் காய்ச்சின முதலாவது எப்பிடி இருந்தது, தங்கச்சி?" என்று அண்ணை என்னிடம் கேட்டார்.

"திறமா இருந்தது."

"அதுக்குப் பிறகு சாடியை ஆர் கொண்டு போனது?"

தம்பி நிமிர்ந்தார். "நேராவே கேளுங்கண்ணா. நான் கெடுத்துட்டேன்னு சொல்றீங்களா?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை. வரிசையைச் சொல்லுறன்."

"எல்லாத்தையும் ரெண்டு தடவை ஸ்டெரிலைஸ் பண்ணிட்டுத்தான் தொடுறேன்."

"பெர்லினுக்குப் போயிட்டு வந்து, புளிச்ச பியர்தான் பியர் எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"குடிக்கப் பிடிக்கும்னு சொன்னேன். உங்க பொண்ணு கல்யாணத்துல கலந்து விடுவேன்னு சொல்லலை."

அவர் தன் போத்தல்களைப் பையில் போட்டுக்கொண்டு படியேறினார். போத்தல்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் வாசல்வரை கேட்டது.

சுவைபார்த்து முடிந்ததும் மேலே அக்கா அப்பம் தருவது வழக்கம். அக்கா, அண்ணையின் மனைவி. அன்று அவர் மூன்று தட்டுகள் எடுத்து வைத்திருந்தார்.

"தம்பி எங்க?"

"அவருக்கு அவசரம்," என்றார் அண்ணை.

அக்கா ஒரு தட்டைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்தார். அப்பம் ஓரத்தில் சல்லடை போலப் பொரிந்து, நடுவில் பஞ்சாக இருந்தது. சில மாதங்களுக்கு முன் அக்காவின் அப்பம் கடைப் பாண் துண்டு போலத் தடித்து இருக்கும். எங்களுக்குள் அதைப் பற்றிச் சிரித்திருக்கிறோம். "இப்ப கள்ளு விட்ட அப்பம் மாதிரி இருக்குது அக்கா," என்றேன். "மா புளிக்கிற பதம்தான், வேறென்ன," என்று அவர் தாச்சியைச் சுழற்றினார்.

ட்ராம் தரிப்புவரை அண்ணை கூட வந்தார். "தந்ததே பழுதாயிருக்குமோ?" என்றார். "அந்த மனுசன் என்னைச் சோதிக்கிறாரோ தெரியாது."

"அப்ப முதலாவது எப்பிடி நல்லா வந்தது?"

"அதுதான் விளங்கேல்லை."

"இன்னொருக்கா அவரிட்டக் கேட்டால் என்ன?"

"நீங்கள் தந்ததை நாங்கள் பழுதாக்கிப்போட்டம் எண்டோ? ஏலாது, தங்கச்சி. கலியாணத்தில அவர் என்ர முகத்தைப் பாத்துக் குடிக்க வேணும்."

எனக்குத் தம்பி மீது சந்தேகம் இருந்தது. என் மீதும் இருந்தது. வீட்டுக்கு வந்து என் பியர்க் குழாய்களை எல்லாம் கழற்றி, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவற்றில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு என் கணவர் மீது சந்தேகம் வந்தது. அவர் தேநீர் தவிர வேறொன்றும் குடிப்பதில்லை. நான் பியர் காய்ச்சுவதைத் தன் உறவினருக்கு இன்றுவரை சொன்னதுமில்லை.

"என்ர குழாய்க்குள்ள கையைக் கிய்யை விட்டனீங்களோ?"

"உம்மட குழாய்க்குள்ள எனக்கென்ன அலுவல்?" என்று அவர் பத்திரிகையைத் திருப்பினார்.

அடுத்த வாரம் தம்பியின் வீட்டுக்குப் போனேன். பியரின் அடர்த்தி அளக்கும் அவருடைய மிதவைமானி என்னிடம் இருந்தது; அதைத் திருப்பிக் கொடுப்பது சாக்கு. கதவைத் திறந்தவர் என் கையிலிருந்ததைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்ஸ்பெக்ஷனா அக்கா? வாங்க. ஷூவைக் கழட்டிடுங்க, தடயம் அழிஞ்சிடும்."

அவர் சமையலறையில் எந்தக் குறையும் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் மருந்துக்கடைப் பின்னறைகூட அவ்வளவு சுத்தமில்லை. தோசைமா ஏதும் வைத்திருக்கிறாரா என்று கேட்டேன். "நான் தனி ஆளு. பாக்கெட் மிக்ஸ்தான். தயிர்கூடக் கடையிலதான்," என்றார். பிறகு குளிர்சாதனப்பெட்டியின் கதவுத்தட்டிலிருந்து மூடிபோட்ட ஒரு சிறு குழலை எடுத்தார். அடியில் பால்நிறமாக ஏதோ படிந்திருந்தது.

"அண்ணா முதல் பியரைப் பாட்டில்ல அடைச்ச அன்னைக்கு, தொட்டி அடியிலேர்ந்து நேரா எடுத்தது. சாடிக்குள்ள போறதுக்கு முன்னாடி. பேக்கப் எடுக்காம நான் எதையும் தொடமாட்டேன். தொழில் பழக்கம்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே?"

"யாரு கேட்டாங்க? வரிசையைத்தான சொன்னாங்க."

குழலில் இருப்பது அதே ஈஸ்ட்தானா என்றும் எனக்குச் சந்தேகம். முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். "நம்பலைன்னா கொஞ்சம் எடுத்துட்டுப் போய் வளர்த்துப் பாருங்க," என்றார்.

அப்படியே செய்தேன். மால்ட் பாகைக் கரைத்துக் கொதிக்கவைத்து ஆற்றி, இரண்டு போத்தல்களில் ஊற்றினேன். ஒன்றில் தம்பியின் குழலிலிருந்து எடுத்ததை விட்டேன், மற்றதில் அண்ணை வீட்டுச் சாடியிலிருந்து கேட்டு வாங்கியதை. இரண்டையும் யன்னலோரம் வைத்தேன். நொதித்து அடங்கியதும் எனக்கே என் மூக்கில் நம்பிக்கை இல்லாததால், எது எதுவென்று சொல்லாமல் கணவரிடம் நீட்டினேன்.

முதலாவதை மணந்துவிட்டு, "வாழைப்பழம்," என்றார். இரண்டாவதை மணந்தார். இன்னொரு முறை மணந்தார். "இது நீர் அண்ணை வீட்டில இருந்து கட்டிக்கொண்டு வாற அப்பம்."

"அப்பமோ?"

"அப்பம்தான். அந்த மா மணக்குது."

தம்பியின் பியர், என் பியர், அண்ணையின் பியர் என்று மூன்றையும் மாறி மாறிச் சந்தேகித்தோமே தவிர, சாடி இருந்த இடத்தை யாரும் நினைக்கவில்லை. காய்ச்சாத வாரங்களெல்லாம் அது அக்காவின் குளிர்சாதனப்பெட்டியில், அக்காவின் மாச்சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. பியர் கெட்டுப்போன மாதங்களும் அப்பம் நன்றாக வந்த மாதங்களும் ஒன்றுதான்.

அண்ணை வேலைக்குப் போன ஒரு பகலில் அக்காவிடம் போனேன். அடுப்படி மேசையில் மாச்சட்டி இருந்தது. சாடி திறந்தபடி பக்கத்தில் இருந்தது. அகப்பை சாடிக்குள் இருந்தது. அக்கா என்னைக் கண்டு பதறவில்லை.

"இதில இருந்து எடுக்கிறனீங்களோ அக்கா?"

"ஓம். இரண்டு கரண்டி. அதுக்கென்ன? நல்ல சாமான். கடைத் தூளில அப்பம் இப்பிடி வராது."

"மா அடிக்கிற இந்த அகப்பையாலயோ?"

"பின்ன, சாடிக்கொரு அகப்பை, சட்டிக்கொரு அகப்பை வைக்கிறதோ?"

"எடுத்தால் குறையுமே. அண்ணை காணேல்லையோ?"

அக்கா அகப்பையைச் சட்டியின் விளிம்பில் தட்டினார். "குறையுது எண்டு அவர் கண்டுபிடிச்சால் கத்துவார். அதால கொஞ்ச மாவைக் கரைச்சு விட்டனான். அதுவும் புளிச்சதுதானே. நிறமும் ஒண்டு."

நான் கதிரையில் உட்கார்ந்தேன். மாவில் இருக்கும் புளிப்பு ஈஸ்டோடு சேர்ந்து பியருக்குள் போய் என்ன செய்யும் என்று சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டார். பிறகு, "மூண்டும் இதாலயோ?" என்றார்.

"ஓம்."

"தம்பியை அண்டைக்கு வீணாய்ப் பேசிப்போட்டார், என்ன?"

"ஓம்."

"எனக்கு இது தெரியாது," என்றார். சிறிது நேரம் மாவை அடித்தார். "சம்மந்தி வந்தவர் அவருக்கு இவ்வளவு பெரிய சாடி கொண்டுவந்தார். எனக்குக் கொண்டுவந்தது ஒரு பூச்செண்டு. கலியாணத்தில அப்பம் சுடுறது நான். அதைப் பற்றி ஒருத்தரும் ஒரு கதை கதைக்கேல்லை."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் மாவைக் கரைத்து விட்டபோது அவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை நான் அன்றும் முழுதாக நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அவரிடம் அதைக் கேட்கவும் இல்லை.

"அவருக்குச் சொல்லிப்போடாதையும்," என்றார் அக்கா. "கலியாணம் முடியட்டும்."

"சாடியை இனித் தொடமாட்டன் எண்டு சொல்லுங்கோ. தம்பியில விழுந்த பழியையும் நான் போக்கவேணும்."

"சரி. அப்ப என்ர அப்பத்துக்கு?"

யன்னலோரம் வளர்ந்த நல்ல போத்தலில் பாதியை அடுத்த நாளே கொண்டுவந்து கொடுத்தேன். அக்கா அதை ஊறுகாய்ப் போத்தல்களுக்குப் பின்னால் வைத்தார்.

அண்ணைக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: சாடி கெட்டது உங்கள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டியில், தம்பியில் பிழை இல்லை, நல்ல ஈஸ்ட் அவரிடம் இருக்கிறது.

"ஃபிறிட்ஜிலயோ? அது போன வருசம் வாங்கினது," என்றார் அண்ணை. அடுத்த நாளே அதற்குள் ஒரு வெப்பமானியை வைத்தார். அதுவும் போதாமல், நிலவறைக்குப் பழைய சிறு குளிர்சாதனப்பெட்டி ஒன்று வாங்கி, நிலவறையைப் பூட்டி, திறப்பைச் சீருடைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தார்.

தம்பி வீட்டுக்கு அண்ணையும் நானும் சேர்ந்து போனோம். அக்கா அப்பம் கட்டித் தந்திருந்தார். அண்ணை வாசலிலேயே, "தம்பி, ஃபிறிட்ஜ் பழுது. நான் உம்மைச் சொன்னது பிழை," என்றார்.

தம்பி பாத்திரத்தைத் திறந்தார். ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போடப்போனவர், கையை மூக்கருகே நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஃபிரிட்ஜாண்ணா?"

"ஓம். ஃபிறிட்ஜ்."

"சரி. ஃபிரிட்ஜ்தான்," என்று துண்டை வாயில் போட்டார். குழலில் இருந்ததில் பாதியைக் கொடுத்தார். மீதியைத் திரும்ப உள்ளே வைத்தார். "பேக்கப்," என்றார்.

கலியாண பியரை மூவரும் சேர்ந்து அந்த நிலவறையில் காய்ச்சினோம். மூடி திறக்கும்வரை எவரும் எவரையும் தனியே தொட்டிக்கு அருகில் விடவில்லை. அது பகிடியாகத்தான் தொடங்கியது.

மண்டபத்தில் சம்பந்திக்கு முதல் கிளாஸை அண்ணையே ஊற்றினார். பக்கத்தில் நானும் தம்பியும் நின்றோம். அவர் கிளாஸை விளக்குக்கு நேரே பிடித்தார், மணந்தார், குடித்தார். வெறும் கிளாஸை மறுபடி அண்ணையிடம் நீட்டினார். அண்ணை இரண்டாவதை அவசரமாக ஊற்றியதில் நுரை வெளியே வழிந்தது. சம்பந்தி அண்ணையின் தோளில் கையைப் போட்டார். தம்பி மெதுவாக, "பாஸாகிட்டோம்," என்றார்.

பிறகு சம்பந்தி கிளாஸோடு அப்பம் சுடும் மேசைக்குப் போனார். அங்கே அக்கா நின்றார். ஒரு அப்பத்தை வாங்கி, பொரிந்த ஓரத்தை உடைத்து, வாயில் வைக்கும் முன் மணந்தார். தின்றார். தட்டைக் கையில் ஏந்தியபடி அண்ணையிடம் திரும்பி வந்தார்.

"இதிலும் என் ஈஸ்ட்தான் இருக்கிறது, இல்லையா?" என்று ஜெர்மன் மொழியில் கேட்டார். அவருக்கு அது மிகுந்த மகிழ்ச்சி.

அண்ணையும் அவரோடு சேர்ந்து சிரித்தார். பாதியில் சிரிப்பு நின்றது. தட்டைப் பார்த்தார். சீருடை இல்லாத அன்றும் கை தன்னாலே பையைத் தடவியது. திறப்பு அங்கேதான் இருந்தது. பிறகு மண்டபத்தின் மறுபக்கம் திரும்பிப் பார்த்தார்.

அக்கா அகப்பையோடு அங்கேதான் நின்றார். அவர் அண்ணையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.