கையெழுத்துப் போடலாமா, சார்?

போன வெள்ளிக்கிழமை காலை. கடையைத் திறந்து பிரிண்டரில் பேப்பர் அடுக்கிக்கொண்டிருந்தேன். போன் வந்தது. பேராவூரணி வசந்தா.

"சார்... கேஸ் முடிஞ்சிருச்சு."

"என்ன ஆச்சும்மா?"

"ஜெயிச்சாச்சு சார்."

நான் சந்தோஷத்தில் ஏதேதோ சொன்னேன். அவர் குரலில் சந்தோஷம் இல்லை.

"யாருகிட்ட சொல்றதுன்னு தெரியல சார். அதான் உங்களுக்குப் பண்ணேன்."

ஒன்றரை வருஷம் பஸ் ஏறி இறங்கி வாங்கிய தீர்ப்பு. அதைச் சொல்ல, தஞ்சாவூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒருவனைத் தவிர ஆள் இல்லை. இது என்ன மாதிரியான வெற்றி?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். வாரத்தில் ஒரு நாள் எழுத்தாளர். மற்ற நாளெல்லாம் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவில் ஜெராக்ஸ், டைப்பிங். அடுத்தவர் கஷ்டத்தை எழுத்துப்பிழை இல்லாமல் அடித்துத் தருவேன். கருத்துச் சொல்ல மாட்டேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட சட்டம் அது.

அந்தச் சட்டத்தை ஒரே ஒருமுறை உடைக்க வைத்தவர் வசந்தா.

முதல்முறை அவர் வந்தபோது, வலது கையைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்திருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். இடது கையால் ஒரு காகிதத்தை நீட்டினார். பேராவூரணிப் பக்கம் ஒரு மட்டை மில்லில் வேலை. தேங்காய் மட்டையை மிஷினுக்குள் தள்ளினால், உள்ளே சுற்றும் முள் உருளை அதை நார் நாராகக் கிழித்துத் தரும். ஒருநாள் மட்டையோடு கையும் போய்விட்டது. மூன்று விரல்கள் இல்லை. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் மிச்சம்.

காகிதத்தில் கையால் எழுதியிருந்தது சமரச ஒப்பந்தம்; அதை டைப் அடித்துத் தர வேண்டும். மில் முதலாளி ஒரு தொகை தருகிறார். இனி எந்த உரிமையும் கோர மாட்டேன் என்று வசந்தா எழுதித் தர வேண்டும்.

நான் வழக்கம்போல அடித்துக்கொண்டே போனேன். ஒரு வரியில் விரல்கள் நின்றுவிட்டன.

'மேற்படி மிஷினின் மூடித் தகட்டை நானே கழற்றி வைத்துவிட்டு வேலை பார்த்ததால்...'

"தகட்டைக் கழற்றினது நீங்களாம்மா?"

"இல்ல சார். நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே கழட்டிட்டாங்க. அது இருந்தா மட்டை சிக்கும், வேலை ஓடாதுன்னு. மில்லுக்குள்ளயே செவுத்துல சாச்சு வச்சிருப்பாங்க. மறைவா இருக்குன்னு அதுக்குப் பின்னாடிதான் நாங்க டிபன் பாக்ஸ் வைப்போம்."

"அப்ப ஏன் இப்படி எழுதியிருக்கு?"

"அப்படி எழுதினாத்தான் பணம் தருவேங்கறாரு."

முதலாளி கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தாராம். செலவெல்லாம் அவரே பார்த்தாராம். கட்டுப் பிரித்த அன்று கண் கலங்கி வெளியே போய் நின்றாராம். எதிரில் நிற்பவர் முழு வில்லனாக இருந்தால் முடிவெடுப்பது எவ்வளவு சுலபம்! வாழ்க்கையில் அப்படி ஆள் கிடைப்பதில்லையே...

"கையெழுத்துப் போடலாமா, சார்?"

நான் திரும்பிப் பார்த்தேன். சும்மா கேட்கவில்லை. பதிலுக்காக நின்றார்.

"வீட்ல என்ன சொல்றாங்க?"

புருஷன் இறந்து பல வருஷம். ஒரே மகள் திருப்பூரில். 'வாங்கிக்கிட்டுப் பேசாம இரும்மா' என்கிறாள். தம்பி சிங்கப்பூரில். 'விடாதே, கேஸ் போடு' என்கிறான்.

"எல்லாரும் போன்லதான் சார் சொல்றாங்க. ஒருத்தரும் பக்கத்துல உக்காந்து இந்தப் பேப்பரைப் படிக்கல. நீங்கதான் முழுசாப் படிச்சிருக்கீங்க."

டைப் அடிப்பவன் படிக்காமல் எப்படி அடிப்பான்? ஆனால் அதைச் சொல்லவில்லை.

மெல்ல மெல்ல விஷயம் வெளியே வந்தது. மில்லில் அவரோடு சேர்த்துப் பத்துப் பெண்கள். ஒன்பது வருஷமாக மதியம் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். ஒருத்தி குழம்பு இன்னொருத்தி சோற்றில் இருக்கும். விபத்தான புதிதில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். 'வசந்தா கேஸ் போடப் போறாளாம், மில்லை மூடிருவாங்களாம்' என்று பேச்சுக் கிளம்பியதும் வரத்து நின்றது. தங்கச்சி மாதிரி இருந்த கலாகூடக் கடைத்தெருவில் பார்த்துவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டாளாம்.

"இதுல போட்டுட்டா, கண்காணிக்கிற வேலை தர்றேங்கறாரு சார். மறுபடி அவங்களோட உக்காந்து சாப்புடலாம். கேஸ் போட்டா... கூட ரெண்டு காசு வரலாம். ஆளு வராதே?"

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். எதிரே தொழிலாளர் துறை அலுவலகம். கேட்டுவிட்டு வாருங்கள், அதுவரை மிச்சத்தை அடிக்காமல் வைத்திருக்கிறேன் என்றேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அங்கே ஒரு கிளார்க் அம்மா பொறுமையாக விளக்கியிருக்கிறார். கவனக்குறைவு என்பதற்காக மட்டும் நஷ்ட ஈடு போய்விடாது. ஆனால் பாதுகாப்புத் தகட்டைத் தெரிந்தே நீங்களே கழற்றியதாக எழுதிக் கொடுத்தால், அது உங்களுக்கே வினையாகும். ஒப்பந்தம் எதுவானாலும் இங்கே பதிவாக வேண்டும், தொகை நியாயமா என்று அதிகாரி பார்ப்பார்.

வசந்தா என் கடை பெஞ்சில் உட்கார்ந்தார். இடது கட்டைவிரலால் தட்டித் தடவி முதலாளிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"முதலாளி, அந்தத் தகடு வரியை மட்டும் எடுத்துருங்க. தொகை நீங்க சொன்னதே இருக்கட்டும்."

"அந்த வரிதாம்மா முக்கியம். அதை எடுத்தா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க. நம்பு, உன்னைக் கைவிட மாட்டேன். உனக்குப் பணம்தானே வேணும்?"

வெளியே ஒரு டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போகும்வரை காத்திருந்தார்.

"பணம் வேணும் முதலாளி. ஆனா நான் கழட்டல."

போனை வைத்தார். "சார், அடிச்ச வரைக்கும் அழிச்சிருங்க" என்றார்.

அழித்தேன். என் தொழிலில் இப்படி நிம்மதியாக ஒரு ஃபைலை அழித்ததில்லை.

அப்புறம் எதிரே அதே அலுவலகத்தில் கேஸ் போட்டார்; ஒன்றரை வருஷம் வாய்தா. ஒவ்வொரு முறையும் பட்டுக்கோட்டை வழியாகப் பஸ் பிடித்துத் தனியாக வருவார். கூப்பிடும் நேரம் வரை என் கடையில் காத்திருப்பார். டிபன் பாக்ஸ் கொண்டுவருவார். இடது கையால் சாப்பிடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். மூன்றாவது வாய்தாவின்போது நானும் என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு என் டப்பாவைத் திறந்தேன். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டோம்.

மில்லிலிருந்து அவருக்காகச் சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. ஒன்பது பேரில் ஒருவர்கூட. ஆனால் தகட்டை வசந்தாதான் கழற்றினாள் என்று சொல்ல, முதலாளி தரப்பிலும் ஒருவரைக் கூட்டிவர முடியவில்லை. கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். அந்த ஒன்பது பேரும் தலையைக் குனிந்துகொண்டு முடியாது என்றார்களாம். தீர்ப்பு அதில்தான் திரும்பியது. கிடைத்தது, ஒப்பந்தத்தில் சொன்னதைவிடக் கூடுதல்தான்.

ஒரு மனிதரைக் கைவிட்டவர்களே அவரைக் காட்டிக்கொடுக்கவும் மறுக்கிறார்கள். இவர்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

வெள்ளிக்கிழமை வந்த போனுக்கு அப்புறம் மனது கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பிப் பேராவூரணி போனேன். தென்னந்தோப்புகளுக்கு நடுவே ஓட்டு வீடு. வசந்தா மீன் குழம்பு வைத்திருந்தார். வலது கையில் மிச்சமிருக்கும் இரண்டு விரலால் பிடித்து மீன் ஆய்ந்திருக்கிறார். இந்த முறை சுவரைப் பார்த்து உட்காரவில்லை.

பாதிச் சாப்பாட்டில் வாசலில் நிழல். ஒரு பெண், சைக்கிளைப் பிடித்தபடி. கலா.

"உள்ள வாடி."

"இல்லக்கா... போவணும்." தரையைப் பார்த்தே பேசினாள். "எல்லா மிஷினுக்கும் தகடு போட்டுட்டாங்கக்கா. நேத்துதான். சொல்லணும்னு தோணுச்சு."

"சாப்புட்டுப் போ."

"யாராச்சும் பாத்தா..."

போய்விட்டாள். வசந்தா என் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தார்.

"மில்லு ஓடுதுல்ல சார். அது போதும்" என்றார். போதுமா? முகம் அப்படிச் சொல்லவில்லை.

பஸ் ஸ்டாப் வரை கூட வந்தார். "அடுத்த தடவை வரும்போது வீட்ல அக்காவையும் கூட்டிட்டு வாங்க சார்" என்றார்.

சரி என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருக்கலாம். என் மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. இந்தப் பத்தியில்கூட நான் எழுதியதில்லை. ஒன்றரை வருஷமாக ஒரு பெண்மணியின் கதையைக் கேட்டிருக்கிறேன், என் கதையில் ஒரு வரி சொன்னதில்லை.

அன்றைக்குச் சொன்னேன். ஆஸ்பத்திரி, அந்தக் கடைசி வாரம், இன்னும் பீரோவில் அப்படியே இருக்கும் சேலைகள்... எல்லாம். வசந்தா முழுசாகக் கேட்டார்.

இரண்டு பஸ் போய்விட்டது. போகட்டுமே... மூன்றாவதும் பட்டுக்கோட்டைக்குத்தான்!