ஜட்ஜய்யா கொடுத்த டிக்கெட்

ஞாயிறு காலை 7.40க்கு அஜ்மானில் பஸ் ஏறினோம். நான் டைல்ஸ் கடை விற்பனையாளன். உடன் வந்தவன் என் ரூம்மேட் செல்வராஜ். ஜெயங்கொண்டத்துக்காரன், கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவன். பஸ்ஸுக்கு ஆளுக்குப் பன்னிரண்டு திர்ஹம். போகுமிடம் துபாயில் அல் கூஸ். அங்கே தமிழர்கள் நடத்தும் வினாடி வினா. முதல் பரிசு, ஊர் போய்வர ஒரு விமான டிக்கெட்.

அடுத்த வாரம் செல்வராஜின் தங்கைக்குக் கல்யாணம். லீவு கிடைத்துவிட்டது. கம்பெனி தரும் டிக்கெட்டுக்கோ இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. கையிலிருந்தது முழுக்கக் கல்யாணத்துக்கே போய்விட்டது. ஜெயித்தால் டிக்கெட் அவனுக்குத்தான் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

ஷார்ஜாவில் நெரிசல், ஞாயிறு என்றும் பாராமல். செல்வராஜ் புலம்பினான்.

"எங்க ஃபோர்மேன் இந்த ரோட்டுக்குப் பயந்துதாண்ணே வேலைய விட்டாரு. சம்பளம் நல்ல சம்பளம். தெனம் ரெண்டு மணி நேரம் போக, ரெண்டு மணி நேரம் வர. உடம்பு கேக்கல, கலாஸ், முடிஞ்சுதுன்னுட்டாரு."

அல் குசைஸில் இறங்கி, மெட்ரோவும் இன்னொரு பஸ்ஸும் பிடித்து 10.15க்கு அல் கூஸ் சேர்ந்தோம். ஒரு கிடங்கில் மேடை போட்டிருந்தார்கள். கேள்வி கேட்டவர் கீழக்கரைக் கடைக்காரர் ஒருவர். எங்களை எதிர்த்து இரண்டு இன்ஜினியர்கள். சலவை கலையாத சட்டைகள்.

ஆனாலும் விடவில்லை. கடைசிக் கேள்வி வரை சமமாக வந்துவிட்டோம்.

"அமெரிக்காவோட முதல் ஜனாதிபதி நியமிச்ச உச்ச நீதிமன்ற நீதிபதிகள்ல ஒருத்தர், ரெண்டு வருஷம் முடியிறதுக்குள்ள பதவிய விட்டுட்டார். ஆயுசுக்கும் உள்ள பதவி! ஏன் விட்டார்?"

இன்ஜினியர்கள் முந்திக்கொண்டார்கள். "ஜனாதிபதியோட சண்டை!"

"தப்பு, வாப்பா" என்றார் கடைக்காரர்.

கேள்வி எங்களுக்கு வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது. செல்வராஜ் மைக்கைப் பிடுங்கினான்.

"ஏன் பாய், அந்த ஜட்ஜு ஒரே எடத்துல ஒக்காந்து தீர்ப்பு சொன்னாரா, ஊர் ஊரா போவணுமா?"

"நான் கேள்வி கேக்க வந்தவன், பதில நீங்கதான் சொல்லணும்."

"அப்ப அலைச்சல்தான் பாய்! நல்ல வேலைய ஒருத்தன் வேற எதுக்கு விடுவான்?"

கடைக்காரர் அட்டையைப் பார்த்தார், செல்வராஜைப் பார்த்தார். "சரியான பதில்! வருஷா வருஷம் ஊர் ஊராப் போய் வழக்கு விசாரிக்கணும். குதிரையும் வண்டியுமா அலைஞ்சு உடம்பு தாங்காம விட்டுட்டார்."

கிடங்கு அதிர்ந்தது. பார்க்க வந்திருந்த லேபர் கேம்ப் ஆட்கள் செல்வராஜைத் தோளில் தூக்கிவிட்டார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

திரும்பும்போதும் அதே நெரிசல். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே வந்தோம், கால் வலிக்கவேயில்லை. செல்வராஜ் தங்கைக்குப் போன் போட்டு, "பந்தல் போடுறப்ப நான் அங்க இருப்பேன்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"அந்த ஜட்ஜய்யா பாவம்ணே. அவருக்கும் வீட்டுக்குப் போவணும்னுதான இருந்திருக்கும்."