செல்வி அக்கா தள்ளிய நாற்காலி

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் சிராங்கூன் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். நம்புங்கள்! பஸ் ஸ்டாப் வரை போகவே சலித்துக்கொள்கிற ஆள் நான் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

எலும்பு நலனுக்காக நிதி திரட்டும் நடை அது. வசதியில்லாத முதியவர்களுக்கு எலும்புப் பரிசோதனை செய்து கொடுப்பதற்காக. பச்சை டி-ஷர்ட், கையில் தண்ணீர் பாட்டில்... என்னை இழுத்து வந்தவர் தெம்பனிஸ் அடுக்குமாடியில் என் எதிர் வீட்டு செல்வி அக்கா.

அக்காவுக்கு வயது அறுபத்தெட்டு. சென்ற ஆண்டு வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு உடைந்தது. எலும்பு உள்ளுக்குள் மெலிந்துபோயிருந்தது அவருக்கே தெரியாது. வலித்தால்தானே தெரியும்? உடைகிறவரை அது வாயே திறப்பதில்லை.

அந்த நேரத்தில் அவர் கணவர் ராஜு அண்ணன் கீழே கோப்பிக்கடையில் இருந்தார். வழக்கமான கோப்பி, வழக்கமான அரட்டை. மேலே வந்து கதவைத் திறந்தபோதுதான் முனகல் கேட்டது.

அன்றோடு சரி. அவர் கோப்பிக்கடைப் பக்கமே போவதில்லை. அக்காவை விட்டு நகர்வதும் இல்லை. ஆபரேஷன் முடிந்து, பயிற்சி முடிந்து, "இனி தாராளமாக நடக்கலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகும், வாசல் தாண்டினால் வீல்சேர்தான். அக்காவுக்குத் தெம்பு வந்துவிட்டது... அண்ணனுக்குத்தான் வரவில்லை.

நடையில் கலந்துகொள்ளப் பெயர் கொடுத்தது அக்கா. வீல்சேரைக் கொண்டுவந்தது அண்ணன்.

"நீ ஒக்காரு, நான் தள்ளிக்கிட்டு வரேன்."

"ஒக்காந்து வர்றதுக்கா பேர் குடுத்தேன்? நான் நடக்கறேங்க."

அக்கா கைத்தடியோடு நடந்தார். அண்ணன் காலி வீல்சேரைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே வந்தார். சின்ன மேடு வந்தால்கூட "பாத்து, பாத்து" என்றார். அக்கா வழக்கமாகப் பூ வாங்கும் கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்த பெண் எழுந்தே நின்றுவிட்டார்.

"அக்கா! எவ்ளோ நாளாச்சு பாத்து... நடந்தே வர்றீங்களா!"

அக்கா சிரித்தார். ஒருவர் தெருவில் நடந்து வருவதே ஒரு சேதியாகிவிடும் நாள் எவ்வளவு சீக்கிரம் வந்துவிடுகிறது!

ஜாலான் புசார் பக்கம் திரும்பியதும் அக்கா நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது.

"போதும் செல்வி. ஒக்காந்துடு." அண்ணனின் குரல் கெஞ்சியது. உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் நினைத்தேன்.

அக்கா வீல்சேரைப் பார்த்தார். கைத்தடியை இருக்கையில் வைத்தார். மெதுவாகச் சுற்றிப் பின்பக்கம் வந்தார்.

"நகருங்க. இதைப் புடிச்சிக்கிட்டே வந்துடுவேன்."

அண்ணன் கைப்பிடியை விடவில்லை. "மறுபடியும் விழுந்தீன்னா..." அத்தனை பேர் கடந்து போகும் நடைபாதையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னைக்கு நான் கீழ போயிருக்கவே கூடாது, செல்வி."

அக்கா அவர் கைமேல் தன் கையை வைத்தார்.

"நீங்க கோப்பி குடிக்கப் போனதால நான் விழல லா. தரை ஈரமா இருந்துச்சு, விழுந்தேன். எலும்பு வீக்கா இருந்துச்சு, ஒடஞ்சுது. அவ்ளோதான். விடுங்க."

விட்டார்.

வீல்சேர் முன்னால் ஓடிவிடாமல் நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டேன். அக்கா தன்னுடைய நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து நடையை முடித்தார். பக்கத்தில் வந்த அண்ணனுக்குத்தான் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நடை முடிந்த சமூக மன்றத்தில் அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

"அங்க ஒரு கோப்பிக்கடை இருக்கு பாருங்க. போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வாங்க."

"நீ?"

"எனக்கு வேணாம். நான் இங்கதான் இருப்பேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். பிறகு கிளம்பினார். நாலடிக்கு ஒருமுறை திரும்பித் திரும்பிப் பார்த்தபடி சாலையைக் கடந்தார்.

அன்று அத்தனை பேரும் நடந்ததில், கஷ்டமான நடை அதுதான்.