சிவமலரின் நோய்க்குப் பெயர் உண்டு

கலாநிதி சிவமலர் மாரடைப்பால் இறக்கவில்லை. மரண அறிவித்தலில் அப்படித்தான் போட்டிருக்கிறார்கள். அவரைக் கொண்டுபோனது கணையப் புற்றுநோய். அறிவித்தலை எனக்கு வாசித்துக் காட்டிய மருமகள், "நெஞ்சு வருத்தமாம், மாமி" என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

எங்கள் வீடுகளில் அந்த நோயின் பெயரை நோயாளியிடம் சொல்லமாட்டார்கள். என் மார்பில் கட்டி கண்டபோதும், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று மகன் வைத்தியரைக் கேட்டுக்கொண்டான். யாழ்ப்பாணத்துக் குருநகர் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மீன் விலையைக் கதைத்துவிட்டுப் போனார்கள். எனக்குத் தெரியும் என்பதை நானும் காட்டவில்லை, மகன் தாங்கமாட்டான். சொந்த வீட்டில் கைதியாக இருந்தேன்.

சிவமலர் பல்கலைக்கழகத்தில் புற்றுக் கலங்கள், அதாவது புற்று உயிரணுக்கள், இறக்கும் விதத்தை ஆராய்ந்தவர். தமிழில் எழுதும் கட்டுரைகளைத் திருத்த, தமிழ் படிப்பித்த என்னிடம் கொண்டுவருவார். ஒருநாள் வந்து நேரே கேட்டார்.

"ரீச்சர், உங்களுக்குக் கான்சர். தெரியுமோ?"

"ஓம் பிள்ளை. மெல்லக் கதையும். எனக்குத் தெரியுமெண்டு மருமகளுக்குத் தெரியாது."

"நல்ல நாடகம். ரிக்கற் எங்கை எடுக்கிறது?"

அன்றுதான் தன் ஆய்வை விளக்கினார். சில கலங்கள் சுருங்கி அடக்கமாகச் சாகும், அயலுக்குத் தெரியாது. வேறு சில ஊதி வெடித்து, உள்ளிருப்பதை வெளியே கொட்டிச் சாகும். அந்த அழற்சியை அறிந்து, நோயோடு போராடும் இரத்த வெண்குழியங்கள் ஓடிவரும். புற்றுக் கலங்களை அப்படிச் சாக வைத்தால், மிச்சத்தை உடலே தேடி அழிக்கக்கூடும் என்பது அவருடைய நம்பிக்கை.

"அப்ப எனக்கும் அதைத் தாருமன்."

"தரமாட்டன். அது இன்னும் ஆய்விலைதான் இருக்கு. அழற்சி மிஞ்சினால் பக்கத்திலை இருக்கிற நல்ல சதையையும் எரிக்கும், சிலவேளை கட்டியையே வளர்க்கும். நாளைக்கு என்னோடை கிளினிக்குக்கு வாறியள்."

போனேன். சத்திரசிகிச்சை செய்தார்கள்; வீட்டில் அதையும் 'சின்னக் கட்டி' என்றே சொல்லி வைத்தார்கள். இன்று இதை எழுத உயிரோடு இருக்கிறேன்.

பிறகு அவருக்கே வந்தது. "தம்பி வெளியிலை சொல்ல வேண்டாமாம். வீட்டிலை கலியாணம் பேசுற பிள்ளை இருக்காம்" என்றார். அதன்பின் நான் இங்கே திருநெல்வேலியில் இருக்கும் அவர் வீட்டுக்குப் போனபோதெல்லாம் வாசல் படலை பூட்டியிருந்தது. "அக்கா படுத்திருக்கிறா, ரீச்சர்" என்று தம்பி உள்ளே நின்றே சொன்னார். ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்தேன். கடைசியாகத் தொலைபேசியில் அவர் குரல் கேட்டது.

"ரீச்சர், என்னைச் சத்தமில்லாமல் சாக விடுறாங்கள். நீங்களாவது பேரைச் சொல்லுங்கோ."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் துணிவைத்தான். என் நோயின் பெயரை மருமகளிடம் நானே சொன்னேன். அழுதாள். பிறகு, "எப்பயிருந்து தெரியும், மாமி?" என்று சண்டை பிடித்தாள். இப்போது வீட்டில் மனிதர்கள் கதைக்கிறார்கள்.

தம்பி குகநாதன், உம்முடைய அக்காவின் அந்தியேட்டிச் சடங்கில் கொடுக்கும் நினைவு மலருக்கு எழுதித் தரும்படி நீர்தான் கேட்டீர். உம்முடைய பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் நோயின் பெயரை வெட்டிவிட்டு இதை அச்சிட நான் சம்மதிக்கமாட்டேன். முழுதாகப் போடுவீரா, மாட்டீரா என்பதை எனக்கு எழுத்தில் அறியத் தாரும்.